பினாங்குக்கும் லங்காவிக்கும் அரை மணி நேரம்

தம்பி, அதைக் காதுல மாட்டிக்காதீங்க. அரை மணி நேரம்தான், அதுக்குள்ள என்ன பாட்டு கேட்டு முடிக்கப் போறீங்க? பினாங்குல ஏறுறோம், லங்காவியில எறங்குறோம். இந்த ப்ளேன் பொண்ணு தண்ணி போத்தல் கொடுத்துட்டு, நாம மூடியைத் திருகுறதுக்குள்ள குப்பையை வாங்க வந்து நிப்பா. அவ்வளவு கிட்ட.

இதை நான் சொல்லல. எங்க வீட்டுக்காரரு சொன்னது. "அரை மணி நேரம்தான் ஜெகதா." ரெண்டு வருஷமா இதையேதான் சொல்றாரு. என் சின்ன மகளைக் கடல் தாண்டிக் கொடுக்க மாட்டேன்னு நான் சோறு திங்காம உக்காந்திருந்தப்ப, பேப்பர்ல வரைஞ்சு காட்டினாரு. இங்க ஒரு வட்டம் பினாங்கு, அங்க ஒரு வட்டம் லங்காவி, நடுவுல ஒரு கோடு. "ரெண்டும் தீவு. ரெண்டுலயும் ஏர்போட்டு இருக்கு. கோலாலம்பூர்ல கொடுத்தா நாலஞ்சு மணி நேரம் ரோட்டுல போகணும். ஈப்போன்னாகூட ரெண்டு மணி நேரம். இது பக்கத்துத் தெருவுல கொடுக்கிற மாதிரி லா."

கோட்டைப் பார்த்தா சின்னதாத்தான் இருந்துச்சு. நானும் சரின்னுட்டேன்.

எனக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? பெல்ட்டைப் போட்டுக்குங்க, சொல்றேன்.

மகள் பேரு லோகேஸ்வரி. லோகான்னு கூப்பிடுவோம். மாப்பிள்ளை குணாளன், லங்காவி ஏர்போட்டுலயே வேலை. ப்ளேன் வந்து நின்னதும் மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு அதோட வயித்துலேருந்து பெட்டிங்களை எறக்குறாங்க பாருங்க, அந்த வேலை. தங்கமான புள்ளை. அதிகம் பேச மாட்டாரு. என்கிட்ட சுத்தமா பேச மாட்டாரு. அவ்வளவு மரியாதை.

கல்யாணம் முடிஞ்சு அனுப்பி வைக்கிறப்ப மத்த பொண்ணுங்க அழுவாங்க இல்லியா? இவ அழல. ஏர்போட்டு கவுண்டர்ல நின்னு, ஜன்னல் சீட்டு இருக்கான்னு கேட்டா. தான் அழுதா அம்மா தாங்க மாட்டாளேன்னு அடக்கிக்கிட்டா. பெத்தவளுக்குத் தெரியாதா?

இப்ப மாசமா இருக்கா. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். இதுல பேச்சே கிடையாது. பெரியவ திலகாவுக்கும் நான்தான் பாத்தேன். நாப்பது நாள் காத்தாடி போட விடல. ஜன்னலைத் திறக்க விடல. தலையில துணி, காதுல பஞ்சு, வேளாவேளைக்கு மிளகும் பூண்டும் போட்ட பத்தியச் சோறு. அவ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிர்லயே உக்காந்து வாயைப் பாத்துக்கிட்டே இருப்பேன். நாப்பத்தோராவது நாள் புள்ளையைத் தூக்கிக்கிட்டு அவ புருஷனோட ஆஸ்திரேலியா போயிட்டா. அங்க வேலை கெடைச்சுச்சாம். எப்பப் பாத்தாலும் காத்தடிக்குமாம் அந்த ஊர்ல, ஜன்னலைத் திறந்து போட்டுத்தான் தூங்குவாளாம். நான் உடம்பைத் தேத்தி அனுப்பினதாலதான் தாங்குறா.

அப்ப லோகாவை நான் கூட்டிட்டு வரணுமா இல்லியா? நீங்களே சொல்லுங்க. சரி, சொல்ல வேணாம், ப்ளேன் கிளம்புது. கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன். நீங்க அதை மாட்டிடாதீங்க.

ம்ம். ஏறிட்டோம்.

எங்க விட்டேன்? வளைகாப்பு. அது லங்காவியில, சம்பந்தியம்மா வீட்டுல நடந்துச்சு. சொந்தக்காரங்க எல்லாரும் சேர்ந்து போனதால கெடா படகுத்துறை வரைக்கும் காரு, அங்கேருந்து படகு. அந்தப் படகைப் பத்திப் பேச வேணாம் தம்பி. சீர்த்தட்டுல ஒரு தட்டைக் காலி பண்ணி என் வாய்க்கு நேரா பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. அப்புறம் ரெண்டாவது தட்டையும் காலி பண்ணினாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே ப்ளேன்தான்.

வளையல் போட்ட கையோட கூட்டிட்டு வந்திருக்கணும். அதுதான் முறை. ஆனா லோகா, "அம்மா, ஆபீஸ்ல லீவு கிடைக்கல, நீங்க முன்னாடி போங்க, அப்புறமா வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னா. பொறுப்பான பொண்ணு. அந்த 'அப்புறமா' இன்னும் முடியல.

மொத தடவை டிக்கெட் போட்டது ஒரு திங்கக்கிழமை. போட்டவரு எங்க வீட்டுக்காரரு, காலண்டரைப் பாக்காம. காலையில எட்டு மணி ப்ளேன். திங்கக்கிழமை ராகு காலம் எப்ப? உங்களுக்கு எங்க தெரியப் போகுது. ஏழரைலேருந்து ஒம்பது. அந்த அரை மணி நேரம் முழுசா ராகு காலத்துக்குள்ள போய் உக்காந்திருக்கு! ஏறினாலும் ராகு, எறங்கினாலும் ராகு. இதே ஈப்போன்னா, கிளம்புறது ராகுவா இருந்தாலும் போய்ச் சேர்றதுக்குள்ள வெளிய வந்திடலாம். கிட்ட இருக்கிற ஊர்ல இதான் தொந்தரவு. யாரும் யோசிக்க மாட்டேங்குறாங்க.

"டிக்கெட்டை மாத்துங்க"ன்னேன். "ராகுவை மாத்து"ன்னாரு.

அதுக்கும் ஒரு வழி இருக்கு தம்பி. பரஸ்தானம். கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லியா? என்ன படிச்சீங்க? போற நேரம் சரியில்லன்னு வைங்க, முன்கூட்டியே ஒரு நல்ல நேரம் பாத்து, நம்ம பையை மட்டும் கொண்டுபோய் வேற ஒருத்தர் வீட்டுல வெச்சிடணும். பை வாசப்படியைத் தாண்டிட்டா நாம தாண்டின மாதிரி. பயணம் அப்பவே தொடங்கிடுச்சு. அப்புறம் எந்த நேரத்துல வேணாலும் போகலாம், போற வழியில பையை எடுத்துக்கணும், அவ்வளவுதான். ராகு வந்து எட்டிப் பார்த்தா, "அடடே, இந்தம்மா நேத்தே கிளம்பிட்டாங்களே"ன்னு போயிடுவாரு.

அதனால ஞாயித்துக்கிழமை காலையில, நல்ல நேரத்துல, பச்சைப் பையில குங்குமம் வெச்சு, மஞ்சத் துணி கட்டி, பக்கத்து வீட்டு மேடம் தியோகிட்ட கொடுத்தேன். சீனத்தம்மா, தனியா இருக்காங்க, ரொம்ப மரியாதை தெரிஞ்சவங்க. ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு, குனிஞ்சு, பதிலுக்கு ரெண்டு ஆரஞ்சுப்பழம் கொடுத்தாங்க. நான் ஏதோ சீர் கொண்டாந்திருக்கேன்னு நெனைச்சுட்டாங்க போல. நாளைக்கு வந்து திரும்ப வாங்கிக்குவேன்னு சொன்னதும் முகம் கொஞ்சம் மாறுச்சு.

மறுநாள் காலையில போய்ப் பாத்தா, கேட்டுல பூட்டு. பார்க்குல கையைத் தூக்கித் தூக்கி மெதுவா ஆடுவாங்களே, அதுக்குப் போயிட்டாங்க. மெதுவாத்தானே ஆடுவாங்க, எப்ப முடிக்கிறது?

வீட்டுக்காரரு கார்ல உக்காந்து ஹார்ன் அடிக்கிறாரு. "பையை விட்டுட்டு வா, நேரமாச்சு!"

"பையில்லாம எப்படிங்க போறது? அது முன்னாடி போயிருக்கு, நான் பின்னாடி போறவ. பையை இங்கயே விட்டுட்டா அப்புறம் யாருங்க லங்காவி போறது?"

அவருக்கு அது புரியல. காரை அணைச்சுட்டு எறங்கிட்டாரு. "அப்ப வா, உள்ள வா, கோப்பி போடு."

"உள்ள எப்படி வர்றது? நான்தான் நேத்தே கிளம்பிட்டேனே?"

உண்மைதானே தம்பி? கிளம்பினவ திரும்ப வீட்டுக்குள்ள காலை வெச்சா பயணம் கெட்டுப்போயிடும். பக்கத்து வீட்டுக்குள்ளயும் போக முடியாது, பூட்டியிருக்கு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சாக்கடை மேல ஒரு சிமெண்ட்டுப் பலகை இருக்கு. அதுல நின்னுக்கிட்டேன். அவரு கேட்டுக்கு மேலாலே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொடுத்தாரு. அப்புறம் கோப்பி. அப்புறம் குடை. குப்பை லாரிக்காரன் வந்து, "ஆன்டி, நாற்காலியை எடுத்துக்கணுமா, ஆளையும் சேத்தா?"ன்னு கேட்டான். திமிரு.

எங்க வீடுங்க இருக்கிற தாமான் ஏர்போட்டுக்குப் பக்கம். நான் ஏற வேண்டிய ப்ளேன் என் தலைக்கு மேலதான் போச்சு. அது லங்காவியில எறங்கி, ஆளுங்களை எறக்கிட்டு, திரும்பி வந்து மறுபடி என் தலைக்கு மேலயே எறங்குச்சு. நான் இன்னும் சாக்கடையைத் தாண்டல.

போன் போட்டு லோகாகிட்ட சொன்னேன். மூச்சு திணறுற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அழுதுட்டா பாவம். பின்னாடி மாப்பிள்ளையும் அழுத மாதிரி இருந்துச்சு. அவ்வளவு ஆசையா எதிர்பார்த்திருக்காங்க.

தண்ணி வந்திடுச்சு, வாங்கிக்குங்க. எனக்கும் ஒண்ணு. நீங்க குடிக்கலன்னா உங்களோடதையும் நானே வெச்சுக்கிறேன்.

ஆனா அந்தத் திங்கக்கிழமைக்கு அப்புறம் ஒரு நல்லது நடந்துச்சு தம்பி. லோகா இருக்காளே, கல்யாணத்துக்கு முன்னாடி நாள், நேரம்னு நான் வாயைத் திறந்தாலே எழுந்து போறவ, அவளே காலண்டர் பாக்க ஆரம்பிச்சா! நான் டிக்கெட் போட்டுட்டேன்னு சொன்னா போதும், பத்து நிமிஷத்துல போன் வரும். "அம்மா, அன்னைக்கு அஷ்டமிம்மா." சரின்னு வேற நாள் பாப்பேன். "அம்மா, அன்னைக்கு உங்க ராசிக்கு சந்திராஷ்டமம்." வேற நாள். "அம்மா, நாள் நல்லாத்தான் இருக்கு, ஆனா எமகண்டம்." எனக்கே தெரியாததெல்லாம் சொல்றா. ஒரு நாள் கேட்டா, "அம்மா, ராகு எங்கேருந்து வர்றாரு?"

"ஊர்லேருந்துதான்"னேன்.

"அப்ப இந்தியா மணியைப் பாக்க வேணாமா? அங்க பத்தரைன்னா இங்க மத்தியானம் ஒரு மணி. நம்ம காலண்டர்ல போட்டிருக்கிற ராகு காலத்தையும் விட்டுடுங்க, இந்தியா மணிக்கு வர்றதையும் விட்டுடுங்க. அதான்மா பத்திரம்."

நான் பூரிச்சுப் போயிட்டேன். ரெண்டு நாட்டு ராகுவையும் விட்டு, ரெண்டு நாட்டு எமகண்டத்தையும் விட்டுப் பார்த்தா, எந்த நாள்லயும் ப்ளேனே இல்ல. எல்லாம் தப்பு நேரத்துலதான் பறக்குது. இவ்வளவு பேரு தெரியாம ஏறிப் போயிட்டு வர்றாங்க. நீங்களும்தான்.

எங்க வீட்டுக்காரரு, "உன் மகளுக்கு வர இஷ்டமில்லாத மாதிரி இருக்கே"ன்னாரு. ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது. அவருக்கு மூணு நாள் நான் பதில் பேசல. மூணு நாளும் தெளிவான முகத்தோட இருந்தாரு, திருந்திட்டாருன்னு நெனைக்கிறேன்.

கடைசியில நான் ஒரு புதன்கிழமை யாருக்கும் சொல்லாம லங்காவியில போய் எறங்கிட்டேன். சொன்னாத்தானே நேரம் பாப்பா? வாசல்ல என்னைப் பாத்ததும் லோகா அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அவ்வளவு சந்தோஷம். சம்பந்தியம்மா பாக்கியம் உள்ளேருந்து, "வாங்க வாங்க"ன்னாங்க. அந்தம்மா எப்பவும் ரெண்டு தடவை 'வாங்க' சொல்லுவாங்க. ஒண்ணுதான் நெசம், இன்னொண்ணு எதுக்குன்னு நான் கவனிச்சுக்கிட்டேதான் இருக்கேன். பேரப்புள்ளையைத் தன் வீட்டுலயே பிறக்க வெச்சுக்கணும்னு அந்தம்மாவுக்கு ஒரு எண்ணம்.

"கிளம்புடி, சாயங்காலம் ப்ளேன்"ன்னேன்.

லோகா ஒரு நிமிஷம் யோசிச்சா. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, சாயங்காலம் எனக்கு நேரம் சரியில்லம்மா. ஆனா இப்ப நல்ல நேரம். நானும் பரஸ்தானம் வைக்கிறேன். என் பையை நீங்க எடுத்துட்டுப் போங்க. பை போனா நான் போன மாதிரிதானே? பின்னாடியே வரேன்"ன்னா.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்திடுச்சு தம்பி. வெறும் பக்கத்து வீடு இல்ல, கடல் தாண்டி பரஸ்தானம் வெச்சிருக்கா என் மகள்! பையை மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தேன். ப்ளேன் பொண்ணு மேல வைக்கச் சொல்லுச்சு, நான் கொடுக்கல. வீட்டுக்கு வந்து ஆரத்தி எடுத்து, அவ கட்டில்ல வெச்சேன். தாமான் முழுக்கச் சொல்லிட்டேன், மகள் கிளம்பிட்டான்னு. மேடம் தியோ வந்து எட்டிப் பாத்துட்டு, கட்டில்ல பையை மட்டும் பாத்துட்டுப் போனாங்க. ஒண்ணும் கேக்கல. மரியாதை தெரிஞ்சவங்க.

ஒரு வாரம் கழிச்சுத் திறந்து பாத்தா, உள்ள ஒரு பழைய தலையணை. அது மட்டும்தான். பாருங்க, மாசமா இருக்கிற பொண்ணு, தலையணை இல்லாம தூங்க முடியாதுன்னு எவ்வளவு முன்யோசனை!

பை வந்துச்சு, ஆள் வரல. இன்னைக்கு வரேன், நாளைக்கு வரேன்னு சொல்லிச் சொல்லி, போன வாரம் போன். "அம்மா, முப்பத்தஞ்சு வாரம் ஆயிடுச்சும்மா. இனிமே என்னை ப்ளேன்ல ஏத்த மாட்டாங்களாம். ச்சே." அந்த 'ச்சே'யை நீங்க கேட்டிருக்கணும் தம்பி. எவ்வளவு வருத்தம். நான் கேட்டேன், அரை மணி நேரத்துக்கு என்னடி வாரக் கணக்குன்னு. அது சட்டமாம், படகும் ஆகாதாம். "பரவால்லம்மா, அதான் என் பை அங்க வந்துடுச்சே"ன்னு எனக்கே ஆறுதல் சொல்றா.

நான் இடிஞ்சு போய் உக்காந்துட்டேன். பத்தியச் சாமான் எல்லாம் வறுத்து இடிச்சு போத்தல்ல போட்டு வெச்சாச்சு. காதுல வைக்கிற பஞ்சுகூட வாங்கியாச்சு. திலகா புள்ளையை நாப்பது நாள்தான் பாத்தேன். அதுக்கப்புறம் போன்லதான் பாக்குறேன். போன்ல புள்ளைக்கு வாசமே இல்ல தம்பி. இதுவும் அப்படியே போயிடுமோன்னு ராத்திரி தூக்கம் வரல.

சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். அந்தம்மாவும் பாவம்னு, "என்னங்க பண்றது, தாய் வீடு அங்க இருக்கு. உங்க வீட்டைத் தூக்கிக்கிட்டா வர முடியும்?"ன்னாங்க.

சும்மா வாய் வார்த்தைக்குத்தான் சொன்னாங்க. எனக்கு மண்டையில விளக்கு எரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

பை போனா ஆள் போன மாதிரி. என் மகளே சொன்னா. அப்ப ஆள் போனா? வீடு போன மாதிரிதானே? சம்பந்தியம்மா வீட்டுக்கு எதிர் வீடு காலியா கெடக்கு, வாடகைக்குன்னு போர்டு தொங்குது, வளைகாப்பு அன்னைக்கே பாத்து வெச்சிருந்தேன். அந்த வீட்டு ஓனருக்குப் போன் போட்டேன், பேசி முடிச்சுட்டேன். அப்புறம்தான் சம்பந்தியம்மாகிட்ட சொன்னேன். "எதிர் வீடா, எதிர் வீடா"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. லோகாவுக்குச் சொல்லாதீங்க, ஆச்சரியமா இருக்கட்டும்னேன். "சொல்ல மாட்டேங்க, எனக்குச் சொல்ல வாய் வராது"ன்னாங்க. நல்ல மனசு. நான்தான் தப்பா நெனைச்சுட்டேன்.

வெறும் கையோட போனா அது வாடகை வீடுதானே? அதனால எங்க வீட்டையே கொண்டு வந்திருக்கேன். அஞ்சு பை. பத்தியச் சாமான் ரெண்டு பை. சாமி படம், வாசல் தோரணம், கால்மிதி எல்லாம் ஒரு பை. நாலாவது லோகாவோட தலையணைப் பை, அது அவளுக்கே. அஞ்சாவது பையில வீட்டு நம்பர் பலகை. ஆமா தம்பி, எங்க கேட்டுல மாட்டியிருந்ததேதான். இரும்புப் பலகை, நல்ல வெயிட்டு. கவுண்டர்ல இருந்த பொண்ணு, "வீடு மாறுறீங்களா ஆன்டி?"ன்னா. "மாறல மா, அதே வீடுதான்"னேன்.

அந்தப் பலகையை எங்க வீட்டுக்காரரே ஸ்க்ரூ கழட்டிக் கொடுத்தாரு. விசிலடிச்சுக்கிட்டே. முப்பது வருஷத்துல அவரு இவ்வளவு வேகமா ஒரு வேலை பாத்து நான் பாத்ததில்ல. மகள் மேல அவ்வளவு பாசம். அவரைக் கூட்டிட்டு வரல. தாய் வீடுன்னுதானே சொல்றோம், தகப்பன் வீடுன்னா சொல்றோம்? "நீங்க தனியா எப்படி இருப்பீங்க"ன்னு கேட்டேன். "அரை மணி நேரத்துல இருக்கே ஜெகதா, தோணினா வரேன்"ன்னாரு. இன்னும் தோணல போல, வழியனுப்பக்கூட கார்லேருந்து எறங்கல.

பாத்தீங்களா, அதுக்குள்ள எறங்குறோம். கடல் தெரியுது. கையை இங்க கொடுங்க, பிடிச்சுக்கிறேன். அப்பா! தரையில உக்காந்துடுச்சு.

மணி என்ன? பத்து இருபத்தஞ்சா? இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குது. கதவு இன்னும் திறக்கல. எல்லாரும் எழுந்து நின்னு என்ன புண்ணியம்? நீங்களும் உக்காருங்க தம்பி, நான் ஜன்னல் ஓரத்துல இருக்கேன், என்னைத் தாண்டித்தான் போகணும்னு இல்ல, ஆனா உக்காருங்க. எனக்கு அவசரமே இல்ல. கீழ பாருங்க. நமக்கு முன்னாடி வயித்தைத் திறந்துட்டாங்க. அதோ மஞ்சச் சட்டை. அதான் எங்க மாப்பிள்ளை!

அதோ வருது என் பச்சைப் பை. ராகுவுக்கு முன்னாடி லங்காவியில கால் வெச்சுடுச்சு! அதுவும் மாப்பிள்ளை கையால. இதைவிட என்ன வரவேற்பு வேணும்? மஞ்சத் துணியைப் பாக்குறாரு. அடையாளம் தெரிஞ்சிடுச்சு. அப்படியே நிக்கிறாரு. ரெண்டாவது பை. மூணாவது. தலையணைப் பையைத் தூக்கிப் பாக்குறாரு, அதையும் தெரியும் அவருக்கு. இதோ பலகைப் பை. பாத்து, பாத்து... வண்டி மேலயே உக்காந்துட்டாரு. சொன்னேனே, வெயிட்டுன்னு.

ப்ளேனை நிமிந்து பாக்குறாரு. ஜன்னல் ஜன்னலாத் தேடுறாரு. இங்க, இங்க! பாத்துட்டாரு. போனை எடுக்குறாரு. யாருக்குப் பேசுறாரு? பேசி முடிச்சுட்டாரு.

உங்க போனா அடிக்குது? என்னோடதா? கொஞ்சம் இருங்க தம்பி, என் மகள்.

"சொல்லும்மா லோகா. ஆமா, நான்தான். ப்ளேனுக்குள்ளதான் இருக்கேன். என்னது, இப்ப எறங்கக் கூடாதா? ராகு காலம் வரப்போகுதா? தெரியும்டி. அதே ப்ளேன்ல அப்படியே திரும்பிப் போயிடணுமா? எப்படிம்மா போறது, என் பை எறங்கிடுச்சே! பை எறங்கினா நான் எறங்கின மாதிரிதானே, நீதான சொன்னே? அஞ்சு பை. ஆமா, அஞ்சு. லோகா? இருக்கியா? அழாதடி. என்ன, எத்தனை நாள் இருப்பேனா? இதென்னடி கேள்வி, தாய் வீட்டுல வந்து!"

"தாய் வீடு எங்கே இருக்குன்னா கேக்குற? அடியே, வாசலுக்கு வந்து எதிர்ல பாரு. போர்டை எடுத்திருப்பாங்க. கதவுக்கு இப்பவே பலகை மாட்டணும், மாப்பிள்ளைகிட்ட ஸ்க்ரூ இருக்கான்னு கேட்டு வை. அப்புறம் உங்க வீட்டுக் காத்தாடியை எல்லாம் அணை. வந்துட்டேன்னு வெச்சுக்க. ரோட்டைத் தாண்டுறதுதான் பாக்கி, இந்தத் தடவை அரை மணி நேரம்கூட ஆகாது."